‘சாரி’ என்னும் சிறு சொல்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திருப்பலி தொடங்கப் பத்து நிமிடங்களே இருந்தன. நற்கருணைப் பேழையின் சாவியைக் காணவில்லை. வழக்கமாகத் தொங்கும் ஆணியில் அது இல்லை; மேசை அறையிலும் இல்லை. கோவிலில் மக்கள் நிறைந்துவிட்டனர். பதற்றத்தில் நான் கோவில்பிள்ளையின்மீது சீறினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பீடத்துக்கு மெழுகுதிரி ஏற்றிவந்த முதியவர் அவர். “ஒரு சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா? இதற்குமுன் காணாமற் போனவையெல்லாம் இப்படித்தான் போயினவோ?” என்று, பீடச் சிறுவர் ஆறு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பூசை உடையை அணியும்போது என் அங்கியின் பையில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. சாவி! காலையில் நோயாளி ஒருவருக்கு நன்மை கொண்டுபோனபோது நானே அதைப் பையில் போட்டிருக்கிறேன்.

“சாரி” என்றேன்.

“பரவாயில்லை, சாமி” என்றார்.

மணி அடித்தது. நான் பீடத்துக்குச் சென்றுவிட்டேன்.

காரியம் அத்துடன் முடிந்தது என்றுதான் எண்ணினேன். முடியவில்லை என்பதை ஒரு வாரம் கழித்து அறிந்தேன். அதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அச்சிறு ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஆராய்ந்து பார்க்கும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. கண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பயன்தரும் என்று கருதுகிறேன்.

எங்கும் ஒலிக்கும் சொல்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் செல்லும் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு முண்டியடித்து ஏறுகின்றனர். ஒருவர் மற்றொருவரின் காலை மிதித்துவிட்டால், உடனே “சாரி” என்கிறார். பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதியாத பூக்காரம்மாவும் சொல்கிறார். கல்லூரி மாணவனும் சொல்கிறான். ஆங்கிலம் அறியாத நாவிலும் இயல்பாக வந்து அமர்ந்துவிட்ட ஆங்கிலச் சொற்களுள் இதற்குச் சிறப்பிடம் உண்டு.

முன்னாளில் நம்மவர் காலை மிதித்துவிட்டால் பேசமாட்டார்கள். மிதிபட்டவரைக் கையால் மெல்லத் தொட்டு, அக்கையைத் தம் கண்களில் ஒற்றிக்கொள்வார்கள். ‘உம்மை அவமதிக்க நினைக்கவில்லை, நீர் என் கண்ணுக்கு ஒப்பானவர்’ என்பது அதன் கருத்து. இன்றும் பெரியவர்களிடம் இப்பழக்கத்தைக் காணலாம். அந்தச் செய்கை இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் ‘சாரி’ இருக்கிறது.

உச்சரிப்பில் உள்ள சிக்கல்

நாம் ‘சாரி’ என்று எழுதினாலும், அச்சொல்லின் முதல் ஒலி ‘ஸ’ என்பதாகும். அதை அடுத்துவரும் உயிரொலியோ தமிழில் இல்லாதது. ‘ஆ’ என்பதற்கு வாயைத் திறப்பதுபோல் திறந்து, உதடுகளைச் சற்றே குவித்து, ‘ஒ’ என்று குறுக்கி ஒலித்தால் ஆங்கிலேயரின் உச்சரிப்பு ஓரளவு கிட்டும். இறுதியில் உள்ள ‘ரி’யை ஒலிக்கும்போது அவர்களுடைய நாக்கு நம்முடையதுபோல் மேலண்ணத்தைத் தட்டுவதில்லை. அமெரிக்கர் அவ்வுயிரை நம்மைப் போலவே ‘ஆ’ என்று நீட்டுவர். கனடா நாட்டவரோ ‘ஸோரி’ என்பர். அவர்களை அண்டை நாட்டார் அடையாளம் கண்டுகொள்வதற்கே இந்த ஒரு சொல் உதவுவதுண்டு.

ஆங்கிலேயரின் குற்றுயிரை அப்படியே தமிழில் எழுதப் புகுந்தால் ‘சொரி’ என்றாகும். அது ‘சொறி’யை நினைவூட்டி நகைப்புக்கு இடமாகும். ‘சாரி’ என்று நீட்டியதால் அந்தச் சங்கடம் நீங்கியது. வேறொரு சங்கடம் வந்தது. ஜவுளிக்கடையில் புடவையும் ‘சாரி’ ஆயிற்று. எறும்புகள் ‘சாரி சாரி’யாகப் போவதும் நம் மொழியில் உண்டு. அந்த நெடிலைக் குறுக்கிவிட்டாலோ ‘சரி’ என்றாகிவிடும். ‘சாரி’ என்பவன் தன் தவற்றை ஒப்புகிறான். ‘சரி’ என்பவன் அதை ஏற்கிறான். இந்த ஒரு மாத்திரை வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

புண்ணிலிருந்து பிறந்த சொல்

துயரம் என்னும் பொருளுடைய ‘ஸாரோ’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ‘சாரி’ பிறந்தது என்றே பலர் எண்ணுகின்றனர். பொருளும் ஒலியும் நெருங்கியிருப்பதால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்விரண்டின் வேர்களும் வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘ஸார்’ என்றால் புண், வலி. இன்றைய ஆங்கிலத்தில் அது ‘ஸோர்’ என்று வழங்குகிறது. அந்தப் புண்ணிலிருந்து பிறந்த உரிச்சொல்லே ‘ஸாரிக்’. அதுவே நாளடைவில் ‘சாரி’ ஆயிற்று. ‘ஸாரோ’வின் சாயல் அதன்மேல் படிந்தது பிற்காலத்தில்தான்.

எனவே ‘ஐ ஆம் சாரி’ என்பதன் வேர்ப்பொருள், ‘நான் புண்பட்டிருக்கிறேன்’ என்பதாகும். இதைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். நம் வழக்கில், தீங்கு செய்யப்பட்டவனே ‘என் மனம் புண்பட்டது’ என்கிறான். இங்கோ தீங்கு செய்தவன் அவ்வாறு சொல்கிறான். ‘உனக்கு நான் உண்டாக்கிய புண் இப்போது என்னிலும் வலிக்கிறது’ என்று அறிவிக்கிறான்.

மதுரை மக்களுக்கு இக்கருத்து புதியதன்று. ஆரப்பாளையத்தை அடுத்த புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் ஆவணியில் நம் இந்து சகோதரர்கள் புட்டுத் திருவிழா கொண்டாடுகின்றனர். வைகையின் கரையை அடைக்கக் கூலியாளாக வந்த இறைவனைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான் என்றும், அவ்வடி எல்லார் முதுகிலும், அடித்த அரசன் முதுகிலுங்கூட, விழுந்தது என்றும் அத்தலபுராணம் கூறுகிறது. அடித்தவனுக்கும் வலித்தது என்பதே இங்கு நாம் நோக்கத்தக்கது. உண்மையாக ‘சாரி’ சொல்கிறவனின் நிலை அதுதான். அடித்த கைக்கு வலிக்காதபோது சொல்லப்படும் ‘சாரி’ வெறும் ஒலியே.

ஒரு சொல், பல வேலை

இனி, இச்சொல் ஆங்கிலத்தில் எத்தனை வேலைகளைச் செய்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, நாமறிந்த மன்னிப்பு வேண்டுதல்.

இரண்டாவது, பிறர் துயரில் பங்குகொள்ளுதல். ஒருமுறை வெளிநாட்டுக் குரு ஒருவர் எங்கள் விருந்தினராக வந்திருந்தார். பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் கணவர் அண்மையில் இறந்துவிட்டதைச் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும், அக்குரு நெஞ்சில் கைவைத்து, “ஐ ஆம் சோ சாரி” என்றார். மூதாட்டி திகைத்துவிட்டார். “இவர் எதுக்குச் சாமி மன்னிப்புக் கேக்குறார்? இவர் என்ன செஞ்சார்?” என்று என்னிடம் வினவினார். ‘உங்கள் வலி எனக்கும் வலிக்கிறது என்கிறார், அம்மா’ என்று விளக்கினேன். இறந்த வீட்டில் ஆங்கிலேயர் ‘சாரி’ என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று. வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கிய வழக்கு இதுவே.

மூன்றாவது, காதில் சரியாக விழாதபோது மீண்டும் சொல்லுமாறு கேட்பது. குரலை இறுதியில் உயர்த்தினால் கேள்வி, தாழ்த்தினால் வருத்தம். ஆங்கிலத்தில் எழுத்தைவிடக் குரலே பொருளைத் தீர்மானிக்கும் இடங்களுள் இது ஒன்று.

நான்காவது, மறுப்பு. ‘சாரி, இடமில்லை’ என்பார் விடுதிக்காரர். அதில் வருத்தம் எவ்வளவு என்பதை அவரே அறிவார். ஐந்தாவது, தம் பேச்சைத் தாமே திருத்துவது. ‘கூட்டம் செவ்வாய்க்கிழமை, சாரி, புதன்கிழமை’ என்பது போல. ஆறாவது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து ‘பரிதாபமான, இழிந்த’ என்று பொருள்படுதல். ‘சாரி ஸ்டேட்’ என்றால் பரிதாப நிலை. எனவே, ‘அவர் சாரி’ என்று வாக்கியத்தின் இறுதியில் வந்தால் அவர் வருந்துகிறார். ‘சாரி மனிதர்’ என்று முன்னால் வந்தால் அவர் இரங்கத்தக்கவர். இடம் மாறினால் பொருளும் மாறும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இலக்கணம் ஒன்றுண்டு. ‘சாரி’ என்பது வினைச்சொல் அன்று. தன்மையைக் குறிக்கும் உரிச்சொல். ஆதலால் ‘ஐ சாரி’ என்பது பிழை; ‘ஐ ஆம் சாரி’ என்பதே சரி. பிறருக்கு வழிவிடக் கேட்கும்போது ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்க. இடித்துவிட்ட பிறகு ‘சாரி’ என்க. முன்னது செயலுக்கு முன்னும் பின்னது செயலுக்குப் பின்னும் வருவன.

இவ்விரண்டையும் குழப்புவதால் இலக்கணம் மட்டுமன்றி ஒழுக்கமும் கெடுகிறது. ‘சாரி, பஸ் தாமதம்’ என்கிறோம். இது மன்னிப்பு வேண்டுதல் அன்று. என்மேல் குற்றமில்லை என்னும் வழக்காடுதல். குற்றமே இல்லையெனில் மன்னிப்புக்கு வேலையில்லை. குற்றம் உண்டெனில் சாக்குக்கு வேலையில்லை. ‘சாரி’ என்பதை அடுத்து ‘ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் முதற்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

சொல்வதும் கேட்பதும்

ஆங்கிலத்தில் ‘சாரி’யைச் சொல்கிறார்கள், தமிழில் மன்னிப்பைக் கேட்கிறோம். இவ்விரண்டையும் கலந்து ‘அவன் என்னிடம் சாரி கேட்டான்’ என்று நம் பிள்ளைகள் பேசுகின்றனர். ஆங்கில ஆசிரியர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆயினும் அந்தப் பிழையில் ஓர் உண்மை இருக்கிறது. ‘சாரி’ என்பது என் நிலையைச் சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. ‘மன்னியுங்கள்’ என்பதோ என்னை உங்கள் முன் நிறுத்தி, தீர்ப்பை உங்கள் கையில் ஒப்படைக்கிறது. நீங்கள் மறுக்கவும் கூடும். அதனால்தான் முன்னது எளிதாக வருகிறது. பின்னது தொண்டையில் சிக்குகிறது.

அதற்கு நாம் தரும் மறுமொழியையும் பாருங்கள். ‘பரவாயில்லை’ என்கிறோம். இதில் உள்ள ‘பரவா’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. கவலை என்பது அதன் பொருள். ‘கவலையில்லை’ என்று சொன்னோமேயன்றி ‘மன்னித்தேன்’ என்று சொல்லவில்லை. ஆங்கிலச் சொல் ஒன்றும் பாரசீகச் சொல் ஒன்றும் வழியில் சந்தித்துக் கைகூப்பிப் போய்விடுகின்றன. மன்னிப்பு கேட்கப்படவுமில்லை, கொடுக்கப்படவுமில்லை.

நம் சொற்கள் எவ்வளவு ஆழமானவை! ‘மன்னித்தல்’ என்னும் நம் சொல்லை ஒத்த தெலுங்கு, கன்னடச் சொற்களுக்கு மன்னித்தல் என்ற பொருளோடு மதித்தல் என்ற பொருளும் உண்டு. மன்னிக்கிறவன் மற்றவனை மீண்டும் மதிப்புக்குரியவனாக ஏற்கிறான். ‘பொறுத்தல்’ என்பதோ சுமத்தல். பிறர் பிழையின் பாரத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ளுதல். திருவள்ளுவர் ‘பொறையுடைமை’க்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஆண்டவர் கற்பித்த செபத்தை நம் முன்னோர் ‘பொறுத்தருளும்’ என்று சொல்லி வேண்டினர். நாம் இன்று ‘மன்னியும்’ என்கிறோம். அச்செபத்தின் அவ்விடத்தில், புனித மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் ‘கடன்’ என்னும் சொல்லே உள்ளது. கடன்பட்டவன் ‘சாரி’ என்றதும் கடன் தீர்ந்துவிடுமா என்பதை வட்டிக்கு வாங்கியவர்கள் நன்கறிவார்கள்.

நம் பழைய ஞானோபதேசத்தில் இன்னொரு சொல் இருந்தது: ‘மனஸ்தாபம்’. தன் பாவங்களுக்காக ஆத்துமம் வருந்துவதை அது குறித்தது. உத்தம மனஸ்தாப மந்திரத்தை நம் பாட்டிமார் தூக்கத்திலும் சொல்வார்கள். இன்று தெருவில் ‘அவர்களுக்குள் மனஸ்தாபம்’ என்றால், பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள். தன் பிழைக்காக வருந்துவதைக் குறித்த சொல்லே, பிறர் பிழைக்காக முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் குறிக்க வந்துவிட்டது. மனித இயல்பை இதைவிடத் தெளிவாக வேறெந்த அகராதியும் காட்டாது.

‘வருந்துகிறோம்’ போதுமா?

மதுரைச் சந்திப்பில் வண்டி தாமதமானால், பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாக ஒலிபெருக்கி அறிவிக்கிறது. யாருடைய தவறு என்று அது சொல்வதில்லை. வருந்துவதற்கும் பொறுப்பேற்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிகிறது.

இவ்வேறுபாடு ஒரு நாட்டின் அரசியலையே பல ஆண்டுகள் அலைக்கழித்தது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசு நிலையங்களிலும் மறைபரப்பு இல்லங்களிலும் பிறர் வீடுகளிலும் வளர்க்கப்பட்டனர். 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, நாடு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1998 முதல் மே 26-ஆம் நாளை மக்கள் ‘சாரி நாள்’ என்றே கடைப்பிடித்து வருகின்றனர். ஆனால் 1999-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது. ‘சாரி’ என்ற சொல் இல்லை. பிரதமர் ஜான் ஹோவர்டு அச்சொல்லைச் சொல்ல இசையவில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் அதைச் சொன்னார். வயது முதிர்ந்த பூர்வகுடியினர் கண்ணீர்விட்டு அழுதனர். அந்த ஒரு சொல்லுக்காக அவர்கள் காத்திருந்தனர். ஆயினும் ஈட்டுத்தொகை பற்றிய கோரிக்கை தொடர்ந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கான மத்திய அரசின் திட்டம் 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்!

கனடாவிலோ வேறொரு சிக்கல். ‘சாரி’ என்று சொன்னால் அதுவே நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சான்றாகுமோ என்று பலர் அஞ்சினர். ஆகவே பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2006-இலும், நம் ஈழத்துச் சகோதரர்கள் பெருந்தொகையாக வாழும் ஒன்டாரியோ மாநிலம் 2009-இலும் தனிச்சட்டம் இயற்றின. மன்னிப்புக் கேட்டது ஒன்றையே காட்டிச் சட்டப்பொறுப்பை ஒருவர்மேல் சுமத்தலாகாது என்பது அச்சட்டங்களின் சாரம்.

யார், யாரிடம்?

நம் மண்ணில் மன்னிப்புக் கேட்பது ஏன் இவ்வளவு கசக்கிறது? அதற்கு ஒரு காரணம் உண்டு. நெடுங்காலமாக இங்கு மன்னிப்பு எளியோரிடமிருந்து பறிக்கப்பட்டு வந்தது. 2021 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் ஊரில், பட்டியலினத்தைச் சேர்ந்த முதியவர்கள் பஞ்சாயத்தார் காலில் விழவைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவி நம்மைத் தலைகுனியச் செய்தது. அது மன்னிப்பு அன்று, அவமானம். இத்தகைய பின்னணியில் ‘சாரி’ என்ற அயற்சொல்லுக்கு ஒரு நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லக் காலில் விழவேண்டியதில்லை. தோளுக்குத் தோள் நின்று யாரும் யாரிடமும் சொல்லலாம்.

ஆனால் வலியவர் எளியவரிடம் தவற்றை ஒப்புக்கொள்வது நமக்கு அந்நியமானதன்று. கணவனை இழந்த கண்ணகியின் முன், தான் வழங்கிய தீர்ப்பு பிழை என்று உணர்ந்த கணமே உயிர்நீத்த பாண்டியனின் கதை இந்த மதுரையின் கதையே.

திருச்சபையும் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காகப் புனித இராயப்பர் பேராலயத்தில் இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். 2022 ஜூலை 25 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் கனடாவின் மாஸ்குவாசிஸ் என்னுமிடத்தில், உறைவிடப் பள்ளிகளில் துன்புற்ற பூர்வகுடியினர் முன் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்பது முடிவன்று, முதற்படியே என்பதையும் அவர் அங்கே வற்புறுத்தினார்.

ஐந்து காரியங்கள்

முதற்படி என்றால் மற்றப் படிகள் யாவை? நம் ஞானோபதேசம் அவற்றை முன்னமே கற்பித்திருக்கிறது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் தேவை என்று சிறுவயதில் விரல்விட்டு எண்ணினோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்னும் பிரதிக்கினை, குற்றத்தை வாய்விட்டு வெளிப்படுத்துதல், குரு விதித்த அபராதத்தைத் தீர்த்தல். கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு மட்டுமன்றி, மனிதரிடம் கேட்பதற்கும் இதுவே முறை. ‘சாரி’ என்னும் சொல் இவ்வைந்தில் இரண்டாவதை மட்டும் குறிக்கிறது. மற்ற நான்கும் இல்லாவிடில் அது ஒற்றை விரலால் சோறு பிசைவது போன்றது.

யூதாஸ் வருந்தினான், குற்றத்தை வாயால் ஒப்புக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசுகளையும் திருப்பிக்கொண்டுபோய்ப் போட்டான். ஆயினும் தான் காட்டிக்கொடுத்தவரிடம் அவன் திரும்பவில்லை. இராயப்பரோ மனங்கசந்து அழுதார்; அழுத பின் ஆண்டவரை நோக்கியே வந்தார். வருத்தம் இருவருக்கும் இருந்தது. திரும்பி வருதல் ஒருவருக்கே இருந்தது. சக்கேயுவின் வாயில் ‘மன்னியும்’ என்ற சொல்லையே நற்செய்தியில் காணோம். ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு தருவதாக அவன் எழுந்து நின்று கூறினான். ஆண்டவர் அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக அறிவித்தார்.

எங்கள் பக்கத்தில் இரு சகோதரர்கள் பதினோரு ஆண்டுகள் பேசாதிருந்தனர். இது நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அறிந்ததன்று, தெருவே அறிந்தது. தாய் இறந்தபோது அவர் காதுத் தோடுகளை இளையவர் எடுத்துவைத்துக்கொண்டார் என்பதே மூலம். பலர் சொல்லி, ஒருநாள் இளையவர் தொலைபேசியில் ‘சாரி அண்ணே’ என்றார். “பதினோரு வருசத்துக்கு ஒரு சாரியா? சாரியும் வேண்டாம், கீரியும் வேண்டாம்” என்று மூத்தவர் தொடர்பைத் துண்டித்தார். சில மாதங்களுக்குப் பின், மூத்தவர் மகளின் திருமணத்துக்கு முந்திய மாலை, அழைப்பில்லாமலே இளையவர் வந்தார். தோடுகளை அண்ணியின் கையில் வைத்து, “அம்மா தோடு, மதினி. பாப்பாவுக்குப் போடுங்க. நான் எடுத்தது தப்பு” என்றார். மூத்தவர் உள்ளேயிருந்து எழுந்து வந்து, “சாப்பிட்டியாடா?” என்றார். தம்பியின் பேச்சில் அன்று ‘சாரி’ இல்லை. அந்த ஐந்து காரியங்களும் இருந்தன.

வீட்டிலிருந்து தொடங்குவோம்

பாப்பரசர் பிரான்சிஸ், 2015 மே 13 அன்று தம் மறைபோதகத்தில், குடும்பங்களுக்கு மூன்று சொற்களைப் பரிந்துரைத்தார்: அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்பு வேண்டல். 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் திருத்தூது ஊக்கவுரையிலும் அவற்றை மீண்டும் வலியுறுத்தினார்.

நாமோ பேருந்தில் முன்பின் அறியாதவரிடம் பத்துமுறை ‘சாரி’ சொல்கிறோம். வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே நுழைகிறோம். மனைவியிடம் கடுமையாகப் பேசிய கணவர், மறுநாள் மல்லிகைப் பூ வாங்கி வருகிறார், வாய் திறப்பதில்லை. கணவரைப் பிறர்முன் தாழ்த்திப் பேசிய மனைவி, அன்றிரவு அவருக்குப் பிடித்த குழம்பு வைக்கிறார், வாய் திறப்பதில்லை. பூவும் குழம்பும் நல்லவையே. ஆனால் எதற்காக என்று சொல்லப்படாவிட்டால் புண் மூடுமேயன்றி ஆறாது.

பிள்ளைகளிடம் ‘சாரி சொல்லு’ என்று அதட்டுகிறோம். அவர்களும் பேருந்தில் பயணச்சீட்டை நீட்டுவதுபோல் அதை நீட்டித் தப்பித்துக்கொள்கின்றனர். அதைவிட, ‘நீ என்ன செய்தாய்? அவனுக்கு எங்கே வலித்தது? இப்போது என்ன செய்யலாம்?’ என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தவறாக அடித்துவிட்டால் பெற்றோரும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கத் தயங்காதீர்கள். அதனால் பெற்றோரின் மதிப்புக் குறைந்ததாக நான் எங்கும் கண்டதில்லை.

சாவியின் மிச்சக் கதை

தொடக்கத்தில் சொன்ன கதைக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை மாலை கோவில்பிள்ளை என்னிடம் வந்தார். “சாமி, நாளையிலிருந்து பேரன் பூசை உதவிக்கு வரமாட்டேங்கிறான்” என்றார். காரணம் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, “உங்க தாத்தா கோவில்ல என்னத்தைத் திருடுனாருன்னு கூட உள்ள பயலுக கேக்குறாங்களாம் சாமி” என்றார்.

அந்த ஆறு சிறுவர்களில் ஒருவன் அவருடைய பேரன் என்பதை நான் அன்று நினைக்கவில்லை. பழியை ஆறு பேர் கேட்கச் சொன்னேன். ‘சாரி’யை அவர் காதில் மட்டும் சொன்னேன். சாவி கிடைத்தது என் பையில் என்பதைச் சிறுவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கோவில்பிள்ளையிடமே தமிழில் பேசுகிற நான், அந்த ஒரு கணத்தில் மட்டும் ஏன் ஆங்கிலத்துக்குத் தாவினேன்? குனியாமல் தப்பித்துக்கொள்ளத்தான்.

மறுநாள் ஆறு சிறுவர்களையும், அந்தப் பேரனையும் வரவழைத்து, பூசை உடை அறையில் வரிசையாக நிறுத்தினேன். அவர்கள் முன் அப்பெரியவரைப் பார்த்து, “சாவி என் பையில் இருந்தது. தேடிப் பார்க்காமல் உங்கள்மேல் பழி சுமத்தினேன். இந்தப் பிள்ளைகள் கேட்கச் சுமத்தினேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்துவரும் நாக்கு, அந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லித் தடுமாறியது.

அவர் இம்முறை ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்தார். பேரனின் தலையில் கைவைத்தார். பிறகு, “சரி, சாமி” என்றார்.

மணி அடித்தது. அன்று தூபக் கலசம் பிடித்தவன் அந்தப் பேரன்தான்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் சென்று சமாதானமாகும்படி நம் ஆண்டவர் பணித்திருக்கிறார். இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்து விளக்கை அணைக்குமுன், உங்களுள் ஒருவருக்கு மற்றொருவர் சொல்லவேண்டிய சொல் ஏதேனும் மீதியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருப்பின், ஆங்கிலத்திலே சொன்னாலும் குற்றமில்லை. ஆனால் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள், மறுமொழிக்காக நின்று காத்திருங்கள். ‘சாரி’க்கு மறுமொழி ‘சரி’ என்று உங்கள் இல்லத்தில் ஒலிக்க, மன்னிப்பின் ஆண்டவர் அருள்புரிவாராக!